உபத்திரவ நாளுக்கு முன்பே சபை செய்து வைக்க வேண்டிய வேலை

சுமார் 155-ம் ஆண்டு. இன்றைய துருக்கியில் இஸ்மிர் என்று அழைக்கப்படும் சிமிர்னா பட்டணத்தில் கிறிஸ்தவர்களைப் பிடித்து மிருகங்களுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். பிரிகியாவிலிருந்து வந்திருந்த குயின்டஸ் என்பவர் தானாகவே போய் ஆஜரானார், சிலரைத் தூண்டிக் கூட்டிக்கொண்டும் போனார். மிருகங்களைக் கண்டதும் ஆடிப்போனார். ஆளுநர் பேசிப் பேசியே அவரைப் பலியிட வைத்துவிட்டார். அதே சமயத்தில் அந்தப் பட்டணத்துக் கண்காணி (பிஷப்) பாலிகார்ப், சபையார் கெஞ்சிக் கேட்டதால் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டுக்குப் போனார். தேடி வருகிறார்கள் என்று தெரிந்ததும் இன்னொரு பண்ணைக்கு மாறினார். கடைசியில் பிடிபட்டபோது, பிடிக்க வந்தவர்களுக்குச் சாப்பாடு வைக்கச் சொல்லிவிட்டு ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டார். 86 வருஷம் தனக்கு ஒரு தீங்கும் செய்யாத ராஜாவாகிய கிறிஸ்துவை எப்படித் தூஷிப்பேன் என்று சொல்லி உயிரைக் கொடுத்தார். இந்தச் சம்பவத்தை எழுதி வைத்த சிமிர்னா சபை, தாங்களாகவே போய் ஒப்புக்கொடுக்கிறவர்களை நாங்கள் மெச்சுவதில்லை என்றும் சேர்த்தே எழுதியது.

ஓடியவர் நின்றார், வீரம் பேசிப் போனவர் விழுந்தார். நிலைநிற்பது ஒரு நாள் வீரம் என்று நினைக்கிற சபைகள் இதை அடிக்கடி படிக்க வேண்டும். சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள புறநகர்களிலும் வீட்டுச் சபை நடத்துகிறவர்களிடம் 'உபத்திரவம் வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டால் 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்ற பதில்தான் பெரும்பாலும் வருகிறது. கர்த்தர் பார்த்துக்கொள்வார், அதில் சந்தேகமில்லை. ஆனால் பவுலைச் சவுக்கால் அடிக்கப் போனபோது அவர் தன் ரோமக் குடியுரிமையைச் சொன்னார். பிலிப்பியில் இரகசியமாக வெளியே அனுப்பப் பார்த்தபோது, அடித்தவர்களே வந்து வெளியே கூட்டிப்போகட்டும் என்றார். செசரியாவில் இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு செய்தார். தமஸ்குவில் கூடையில் இறங்கித் தப்பினார். எங்கே தப்ப வேண்டும், எங்கே சட்டத்தைச் சொல்ல வேண்டும், எங்கே வாயை மூடிப் பாடு அனுபவிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சபைக்கும் அது தெரிய வேண்டும். நெருக்கடி வந்த பிறகு அதைக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

முதலில் நம் வீட்டைச் சரி பார்ப்போம்

கொலைபாதகனாகவோ, திருடனாகவோ, அந்நிய காரியங்களில் தலையிட்டவனாகவோ ஒருவனும் பாடுபடக் கூடாது என்று பேதுரு எழுதுகிறார் (1 பேதுரு 4:15). நம் தவற்றால் வருகிற தொல்லைக்கு உபத்திரவம் என்று பேர் வைத்தால், உண்மையாகவே அடிபடுகிறவர்களின் சாட்சி கெட்டுப்போகும்.

சென்னையில் தகராறு பெரும்பாலும் தொடங்கும் இடம் சத்தம். மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் இருந்த ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000 ஆகஸ்ட் 30 அன்று வந்த தீர்ப்பில், ஒலிபெருக்கியாலும் மேளத்தாலும் பிறர் அமைதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று கூறிச் சபையின் மேல்முறையீட்டைத் தள்ளினார்கள். அதே வருடம் வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது.

55 டெசிபல் என்பது இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும் சத்தம்தான். 10-க்கு 15 அடி அறையில் முப்பது பேர் கூடும் இடத்தில் 15 இன்ச் ஸ்பீக்கர் பெட்டி இரண்டு வைத்தால், மொட்டை மாடியில் ஷீட் போட்ட இடமாயிருந்தால் இன்னும் மோசமாக, சத்தம் ஷீட்டில் பட்டுத் தெருவுக்கே போகும். முப்பது பேருக்கு மைக்கே வேண்டாம். கீபோர்டுக்கு மட்டும் ஒரு சிறிய 8 இன்ச் ஸ்பீக்கர் போதும். அதை ஸ்டாண்டில் காது உயரத்துக்கு ஏற்றி, சபையார் பக்கம் மட்டும் திருப்புங்கள். மூலையிலோ பொதுச் சுவரை ஒட்டியோ வைத்தால் அடித்தொனி பெருகிப் பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்குள் போகும். பக்கத்து வீட்டுக்காரரை எரிச்சல்படுத்துவது பாட்டு அல்ல, சுவரைத் தாண்டி வரும் டிரம் பேடின் 'டம் டம்'தான். மிக்ஸரில் பாஸ் குமிழைக் குறைத்தாலே பாதிப் புகார் போய்விடும். செல்போனில் உள்ள டெசிபல் ஆப் துல்லியமில்லை, ஆனாலும் ஆராதனை நடக்கும்போது பக்கத்து வீட்டு கேட்டில் நின்று ஒருமுறை பாருங்கள். முழு இரவு ஜெபம் வைத்தால் 10 மணிக்கு மைக், கீபோர்டு இரண்டையும் அணைத்து, ஜன்னலைச் சாத்தி, மெல்லிய குரலில் ஜெபியுங்கள். அடுத்தவர் வாசலை மறித்து பைக் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ள ஒரு தம்பியை நிறுத்துங்கள்.

இரண்டாவது, மேடைப் பேச்சு. எபேசுவில் கலவரம் மூண்டபோது பட்டணத்துச் சம்பிரதியே (எழுத்தரே) எழுந்து, இவர்கள் கோவில் கொள்ளைக்காரரும் அல்ல, உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களும் அல்ல என்று சாட்சி சொன்னான் (அப்போஸ்தலர் 19:37). பவுல் அந்த ஊரில் இரண்டு வருடத்துக்கு மேல் பிரசங்கித்திருந்தும் எதிரிகளால் அப்படி ஒன்றைச் சொல்ல முடியவில்லை. இன்று நம்முடைய எத்தனை யூடியூப் பிரசங்கங்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியும்? பிற மதத்தவரின் சாமிகளைக் கேலி செய்யும் முப்பது வினாடித் துண்டு ஒன்று போதும், பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ். என்னும் குற்றவியல் சட்டம்) 299-ன் கீழ் ஜாமீனில் விட முடியாத வழக்காகிவிடும். அப்படிப்பட்ட வழக்கு சுவிசேஷத்தின் நிமித்தம் வந்தது என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

மூன்றாவது, பணமும் உதவியும். ஜெபத்துக்கு வருகிறவர்களுக்கு அரிசிப் பை என்ற பழி வராமலிருக்க, உதவியை ஆராதனையிலிருந்து பிரியுங்கள். வேறு நாளில், வேறு இடத்தில், தேவை உள்ள எல்லாருக்கும், ஜெபிக்கச் சொல்லாமல் கொடுங்கள். யாருக்கு என்ன கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். காணிக்கை சபையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே போக வேண்டும், இரண்டு பேர் கையெழுத்து இருக்க வேண்டும். வெளிநாட்டு நண்பர் அன்போடு அனுப்பும் பணத்தைப் பாஸ்டரின் சொந்தக் கணக்கில் வாங்கி ஊழியத்துக்குச் செலவு செய்வது பலர் அறியாமல் விழும் குழி. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அந்தப் பணத்தை வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பதிவு பெற்ற அமைப்பும் டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில்தான் முதலில் வாங்க வேண்டும், அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. சுவரொட்டியில் 'கேன்சர் குணமாகும், சர்க்கரை நோய் மறையும்' என்று போடுவதும் ஆபத்து. 1954-ம் ஆண்டு மருந்து, மாய சிகிச்சை விளம்பரச் சட்டம் அதைத் தடை செய்கிறது. வியாதியஸ்தருக்காக ஜெபியுங்கள், போஸ்டரில் வாக்குக் கொடுக்காதீர்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

அரசியல் சாசனத்தின் 25-ம் பிரிவு மதத்தை அறிக்கையிடவும், கைக்கொள்ளவும், பரப்பவும் உரிமை தருகிறது, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமையில் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று சொன்னது. நம்புவதைச் சொல்லலாம், கேட்டவர் தானே முடிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, பிறகு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் உத்தரப் பிரதேசத்தில் அப்படியில்லை. அங்கே மதம் மாற விரும்புகிறவர் 60 நாள் முன்பே மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும், நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழுகிறது. சென்னையிலிருந்து மிஷனரிகளை வடக்கே அனுப்பும் சபைகள், போகிறவருக்குப் பயணச் சீட்டோடு அந்த மாநிலச் சட்டத்தின் சுருக்கத்தையும், அந்த ஊர் வக்கீல் ஒருவரின் நம்பரையும் கொடுத்து அனுப்ப வேண்டும்.

வீட்டில் குடும்பமாக ஜெபிக்க யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் வீட்டையே நிரந்தர ஆலயமாக மாற்றும்போது கட்டட விதிகள் குறுக்கே வரும். ஊராட்சிப் பகுதியில் வழிபாட்டுக் கட்டடம் கட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று கட்டட விதிகள் சொல்கின்றன. புறநகரில் நிலம் வாங்கும்போதே இதைப் பார்க்க வேண்டும். வாடகை இடமானால், ஜெபக்கூட்டத்துக்குச் சம்மதம் என்று வீட்டு ஓனரிடம் எழுத்தில் வாங்குங்கள். கூட்டம் உள்ளே நுழைந்த மறுநாள் முதலில் மிரட்டப்படுவது ஓனர்தான்.

கூட்டம் உள்ளே வந்தால்

நான்கு பேருக்கு முன்கூட்டியே பொறுப்பு கொடுங்கள். வாசலில் பேச ஒருவர், அதுவும் பாஸ்டர் அல்ல, நிதானமான மூத்தவர். செல்போனில் பதிவு செய்ய ஒருவர். 100-க்கோ 112-க்கோ அழைத்து, அழைத்த நேரத்தைக் குறித்து வைக்க ஒருவர். பெண்களையும் பிள்ளைகளையும் பின்னறைக்குக் கூட்டிப்போக ஒரு அக்கா. எங்கே சொதப்பும் என்றால், இளைஞர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடுவார்கள், யாராவது ஒருவர் கையை ஓங்கிவிடுவார். அதன்பிறகு அது 'இரு தரப்பு மோதல்' ஆகிவிடும், இரு பக்கமும் வழக்கு, பிறகு சமாதானக் கூட்டம், கடைசியில் ஆராதனை நிற்கும். வாசலில் நிற்கும் பெரியவர் வேதவசனம் பேசி வாதாட வேண்டாம். 'ஐயா, உட்காருங்க. போலீஸ் வரட்டும், அவங்க முன்னால பேசுவோம்' என்ற இரண்டு வாக்கியம் போதும். அதையே திரும்பத் திரும்பச் சொல்லட்டும்.

பதிவு செய்த வீடியோவை வெட்டாதீர்கள், பாட்டு சேர்க்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்கி, எடுத்த தேதி நேர விவரமும் போய்விடும். எடுத்த போனை அப்படியே வைத்து, கேபிள் மூலம் ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். நீதிமன்றத்தில் அதைக் காட்ட பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63-ன் கீழ் ஒரு சான்றிதழ் வேண்டும். எந்தக் கருவி, யார் இயக்கியது, கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அதன் ஹாஷ் மதிப்பு எல்லாம் அதில் வரும். போனை விற்றுவிட்டாலோ ரீசெட் செய்துவிட்டாலோ பிறகு திண்டாட்டம்.

காயம் பட்டிருந்தால் தனியார் கிளினிக்கில் கட்டுப் போட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை என்று பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய் ஏ.ஆர். என்னும் விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். மருத்துவர் எப்படிக் காயம் என்று கேட்டு அங்கேயே எழுதுவார்: எத்தனை பேர், தெரிந்தவர்களா தெரியாதவர்களா, கையாலா கட்டையாலா, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு. இதுதான் பெரும்பாலும் அந்தச் சம்பவத்தின் முதல் எழுத்து. அதில் 'தெரியாத நால்வர்' என்று இருந்து, புகாரில் பத்துப் பேர் பெயரோடு வந்தால் குறுக்கு விசாரணையில் வழக்கு அங்கேயே சரியும். கோபத்தில் ஒரு பெயரைக்கூடக் கூட்டிச் சொல்லக் கூடாது. பொய்ச் சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கற்பனை நம்மை அடித்தவன் விஷயத்திலும் கற்பனைதான்.

ஸ்டேஷனில்

ஆராதனையைக் கலைப்பது பி.என்.எஸ். 300-ன்படி ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம். வழிபாட்டு இடத்தைச் சேதப்படுத்தினால் 298, அத்துமீறி வீட்டுக்குள் நுழைந்தால் 329, மிரட்டினால் 351. புகாரில் பிரிவு எண் எழுத வேண்டியதில்லை, நடந்ததை வரிசையாக எழுதினால் போதும். முதலில் புகார் வந்தது என்று காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதுதான் தருவார்கள். அதை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) அல்ல. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எல்லை தங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பவும் முடியாது, பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173-ன்படி எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், நகல் இலவசம். போட மறுத்தால் துணை ஆணையருக்குப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். சம்பவம் சென்னை, தாம்பரம், ஆவடி ஆகிய மூன்று ஆணையரகங்களில் எதற்கு உட்பட்டது என்று முன்பே தெரிந்து வைத்திருங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், அந்தத் தபால் ரசீதுகளையும் பிரமாணப் பத்திரத்தையும் வைத்து அதே சட்டத்தின் 175(3)-ன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். தபால் அனுப்பாமல் நேராகக் கோர்ட்டுக்குப் போனால் மனு திரும்பி வரும், இந்த ஒரு படியைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள்.

அடிபட்டவரையே உட்கார வைத்து, 'இனிமே இங்க கூட்டம் நடத்த மாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க பாஸ்டர்' என்று கேட்பது நம் பக்கம் வழக்கமாக நடப்பது. இரவு பத்து மணி, வெளியே கூட்டம், வீட்டில் பிள்ளைகள், எல்லாரும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து மீண்டும் கூடும்போது, எதிர்ப்பவர்களின் கையில் இருக்கும் முதல் ஆதாரம் அந்தக் கடிதம்தான். 'வக்கீலோடு நாளை காலை வந்து எழுத்தில் பதில் தருகிறேன் ஐயா' என்று மரியாதையாகச் சொல்லுங்கள். எழுதியே ஆக வேண்டிய நிலை என்றால் உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்: இன்ன தேதியில் இன்னது நடந்தது, அமைதிக்காக வருகிற ஞாயிறு மட்டும் கூட்டத்தைத் தள்ளி வைக்கிறோம். 'இனிமேல்' என்ற சொல்லும், 'அனுமதியின்றி' என்ற சொல்லும் அதில் வேண்டாம். வெற்றுத் தாளில் கையெழுத்து எந்த நிலையிலும் வேண்டாம். விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் சாட்சி வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத் தேவையில்லை என்று பி.என்.எஸ்.எஸ். 181 சொல்கிறது. சாட்சியாக விசாரிக்க வேண்டியவர் பெண்ணோ 60 வயதைத் தாண்டியவரோ என்றால் அவர் வீட்டில்தான் விசாரிக்க வேண்டும்.

கைது என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு, எண் 15100.

ஜாமீன் கிடைத்தும் சிலர் பல நாள் உள்ளேயே இருப்பதற்குக் காரணம் ஜாமீன்தாரர் இல்லாததுதான். வழக்கமாக இரண்டு பேர் கேட்பார்கள். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது போன்ற ஆவணங்களோடு வேலை நாளில் கோர்ட்டுக்கு வந்து நிற்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் 'ஜெபிக்கிறோம்' என்று இருநூறு பேர் போடுவார்கள், திங்கள்கிழமை காலை எழும்பூர் கோர்ட்டுக்கு லீவு போட்டு வர இரண்டு பேர் இருக்க மாட்டார்கள். பவுல் முதல் முறை விசாரணைக்கு நின்றபோது ஒருவரும் கூட இல்லை, எல்லாரும் கைவிட்டார்கள் (2 தீமோத்தேயு 4:16). அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக என்று அவர் ஜெபித்தார் என்பதற்காக அந்தக் குற்றம் இல்லாமல் போகவில்லை. சபையில் யார் யார் ஜாமீன் நிற்பார்கள் என்று இப்போதே நான்கு பெயர் எழுதி, ஆவண நகல்களை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். அதே ஃபைலில் பாஸ்டர் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, வாடகை ஒப்பந்தம், டிரஸ்ட் பத்திர நகல். உள்ளே இருப்பவரின் வீட்டுக்கு மாத வாடகை, பள்ளிக் கட்டணம், கேஸ் சிலிண்டர் யார் பொறுப்பு என்பதையும் பெயரோடு எழுதுங்கள்.

வீட்டுக்குள் நடப்பது

மேலே சொன்னதெல்லாம் செய்தியில் வருவது. செய்தியில் வராதது, முதல் தலைமுறை விசுவாசியான ஒரு பெண் தன் வீட்டுக்குள் படுவது. எண்ணிக்கையில் இதுவே அதிகம் என்பது ஊழியத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். ஞாயிறு காலை செருப்பை ஒளித்து வைப்பதில் தொடங்கி, வேதாகமத்தைக் கிழிப்பது, அடிப்பது வரை போகும். இங்கே சபைதான் பல நேரம் சுமையைக் கூட்டுகிறது. வந்த முதல் மாதமே பூவும் பொட்டும் எடுக்கச் சொல்லி, நகையைக் கழற்றச் சொல்லி, பொங்கலன்று வீட்டில் சமைத்ததைச் சாப்பிடாதே என்று சொல்லி, அவள் தாங்க வேண்டியதற்கு மேல் ஏற்றி வைக்கிறோம். சிலுவையின் நிமித்தம் வருகிற சண்டை வேறு, நம் சபை ஒழுங்கின் நிமித்தம் வருகிற சண்டை வேறு. விக்கிரகத்தை வணங்க மாட்டேன் என்பதில் அவள் உறுதியாக நிற்கட்டும். மற்றவற்றில் அவளுக்குக் காலம் கொடுங்கள். மாமியாருக்கு உடம்பு முடியாதபோது ஞாயிறு கூட்டத்தை விட்டு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பதற்காக அவளைக் கண்டிக்காதீர்கள். ஆண் ஊழியர் தனியாக அந்த வீட்டுக்குப் போகவே கூடாது, இரண்டு அக்காமார் போகட்டும். அடி விழுந்தால் 'சகித்துக்கொள், ஆத்துமா ஆதாயம்' என்று சொல்லி அனுப்பாதீர்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-ல் வந்தது, 181-க்கு அழைக்கலாம். கொஞ்ச நாள் தங்க ஒரு வீடு சபையில் தயாராக இருக்க வேண்டும்.

ஞானஸ்நானத்துக்கு அவசரப்படாதீர்கள். 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கொடுக்கவே வேண்டாம். எஸ்.சி. பிரிவினர் என்றால் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். 1950 ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவராகும் தலித்துக்கு எஸ்.சி. தகுதி போய்விடும், தமிழ்நாட்டில் பி.சி. பட்டியலில் வருவார், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் கையை விட்டுப் போகும். சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் திறந்த கதவு நமக்கு இன்னும் திறக்கவில்லை. இது அநீதி, இதை எதிர்த்து வாதாட வேண்டும். ஆனால் சான்றிதழில் ஒன்று, வாழ்க்கையில் ஒன்று என்று இருப்பதை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் செல்வராணி வழக்கில் அரசியல் சாசனத்தின் மேல் செய்யும் மோசடி என்றே சொல்லிவிட்டது. பிள்ளையின் கல்லூரி இடம் போகும் என்பது ஒரு குடும்பத்துக்குச் சின்ன விலை அல்ல. அந்த விலையை ஞானஸ்நானத் தொட்டியில் இறங்கும் முன்பே கணக்குப் பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு, செல்லும் செலவைக் கணக்குப் பாருங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார்.

நாஞ்சில் நாட்டு தேவசகாயம் 1745-ல் ஞானஸ்நானம் பெறுவதற்கு முன் டிலனாய் என்ற டச்சு அதிகாரியிடம் யோபுவின் சரித்திரத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். பிறகு பதவி போய், எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தி, மூன்று வருடம் காவலில் வைத்து, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டார்கள். யோபுவை அவர் கேட்டது அடி விழுந்த பிறகு அல்ல. நம் புது விசுவாசிகளுக்கான பாடத்தில் ஆசீர்வாத வசனங்களுக்கு எத்தனை வாரம், யோபுவுக்கும் 1 பேதுருவுக்கும் எத்தனை வாரம் என்று எண்ணிப் பாருங்கள். சங்கீதம் 27, 46, 56 மூன்றையும் மனப்பாடம் ஆக்குங்கள். போனைப் பிடுங்கிய பிறகு வேதாகம ஆப் உதவாது.

விழுந்தவர்கள்

இதைத்தான் நாம் மிக மோசமாகக் கையாளுகிறோம். 250-ல் ரோமப் பேரரசன் டெசியு எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டும், பலியிட்டதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். எகிப்து மணலில் அந்தச் சான்றிதழ்கள் இன்றும் கிடைத்திருக்கின்றன. கார்த்தேஜில் கிறிஸ்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பலியிட்டார்கள். சிலர் தூபம் மட்டும் போட்டார்கள். சிலர் பலியிடாமலே லஞ்சம் கொடுத்துச் சான்றிதழை வாங்கினார்கள். புயல் ஓய்ந்ததும் எல்லாரும் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். நொவாத்தியன் என்ற ரோம மூப்பர் ஒருவரையும் திரும்பச் சேர்க்கக் கூடாது என்றார். இன்னொரு பக்கம், சிறையில் உறுதியாக நின்றவர்கள் விழுந்தவர்களுக்கு யார் எவர் என்று பாராமல் மன்னிப்புச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கார்த்தேஜ் கண்காணி சிப்ரியான் இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. 251-ல் கூடிய ஆயர் சங்கம் ஒவ்வொருவர் காரியத்தையும் தனித்தனியாக விசாரித்தது. சான்றிதழ் மட்டும் வாங்கினவர் வேறு, சித்திரவதையில் விழுந்தவர் வேறு, தானாக ஓடிப்போய்ப் பலியிட்டவர் வேறு. மனந்திரும்புதலுக்குக் காலமும் வேறு வேறு. அடுத்த உபத்திரவம் வரும்போல் இருந்ததும், அவர்கள் பெலனில்லாமல் அதைச் சந்திக்கக் கூடாது என்று சீக்கிரமாகவே பந்திக்குச் சேர்த்துக்கொண்டார்கள். டெசியு காலத்தில் ஒளிந்திருந்த அதே சிப்ரியான் 258 செப்டம்பர் 14 அன்று தலை வெட்டப்பட்டு மரித்தார்.

நம் ஊரிலும் பயந்து எழுதிக் கொடுத்தவர் இருப்பார், வீட்டார் கட்டாயத்தில் கோவிலுக்குப் போய்ப் படையலில் நின்றவர் இருப்பார், மற்ற விசுவாசிகளின் பெயர்களைச் சொல்லிவிட்டவரும் இருப்பார். மூன்றையும் 'பின்வாங்கிப்போனவர்' என்ற ஒரே சொல்லில் அடைக்காதீர்கள். ஒரு வாரத்துக்குள் இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள், கேள்வி கேட்கப் போகாதீர்கள். நடந்ததை அவராகச் சொல்லும்போது மூப்பர்கள் இருவர் மட்டும் கேட்கட்டும், மேடையில் சாட்சி சொல்லச் சொல்லி நிர்ப்பந்திக்க வேண்டாம். எந்த மாதம் திருவிருந்தில் சேரலாம் என்று தேதியோடு சொல்லுங்கள். 'பார்க்கலாம்' என்று விட்டால் அவர் வேறு சபைக்கோ எங்கும் இல்லாமலோ போய்விடுவார். பெயர்களைச் சொல்லிவிட்டவரிடம் வீட்டுக்கூட்ட முகவரிப் பட்டியலையும் வருகைப் பதிவையும் ஒரு வருடத்துக்காவது கொடுக்க வேண்டாம். அது தண்டனை அல்ல, மற்றவர்களுடைய பாதுகாப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். பாட்டுக் குழுவிலோ சமையலிலோ முதல் மாதத்திலிருந்தே அவருக்கு ஒரு வேலை இருக்கட்டும்.